பாதி விலைக்குக் கூவிய சேவல்

சார்,

சென்ற செவ்வாய்க்கிழமை காலை, வங்கியில் என் முறைக்காகக் காத்திருந்தபோது, சட்டைப்பைக்குள் சேவல் கூவியது.

பெஞ்சில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு அடுத்து உட்கார்ந்திருந்த அம்மாள் தன் கூடைக்குள் ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டார். "யாருப்பா அது, கோழி புடிச்சிக்கினு பேங்குக்கு வந்தது?" என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார். "கடனுக்குக் காசு இல்லன்னா கோழியா வாங்கிக்கறாங்கபோல, இன்னான்னு விசாரி" என்றார் இன்னொருவர். கவுண்டருக்கு உள்ளே இருந்தவர்களும் சிரித்தார்கள். நான் மூக்குக்கண்ணாடியைத் தேடி, அது மூக்கில்தான் இருக்கிறது என்று தெரிந்து, கைப்பேசியை வெளியே எடுப்பதற்குள் அது இன்னொரு முறையும் கூவி ஓய்ந்துவிட்டது.

மறந்தே போயிருந்தேன். அது நீங்கள் வைத்த சேவல்.

நாம் பல வருடம் கண்வைத்திருந்தோமே, பம்புசெட் மோட்டார் செய்கிற அந்தக் கம்பெனி, அதன் பங்கு பாதி விலைக்கு இறங்கினால் எனக்குத் தெரியவேண்டும் என்று என் கைப்பேசியில் நீங்கள்தான் ஏற்பாடு செய்தீர்கள். மற்ற எல்லாச் செய்திக்கும் ஒரே மாதிரி மணியடிக்கிறது, இதற்குத் தனியாக இருக்கட்டும் என்று சேவல் சத்தத்தைத் தேடிப் பிடித்துப் போட்டீர்கள். "பாதிக்கு வந்தாத்தான் சார் கூவும். அதுவரிக்கும் உங்க தூக்கத்தக் கெடுக்காது" என்றீர்கள். நீங்கள் போய் இரண்டு தீபாவளி கடந்துவிட்டது. இப்போது கூவுகிறது.

எங்கோ கடலுக்கு அப்பால் போர் நடக்கிறது. எண்ணெய்க் கப்பல்கள் வழியில் நிற்கின்றன. சந்தை தினமும் சரிகிறது. நம் கம்பெனி மேல் தனியாக ஒரு பழியும் இல்லை. மற்ற எல்லாவற்றோடும் சேர்ந்து அதுவும் இறங்கியிருக்கிறது. நீங்கள் இருந்திருந்தால் இந்நேரம் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தாமலே ஹாரன் அடித்திருப்பீர்கள்.

நான் அன்று வங்கிக்குப் போனது முதிர்ந்துவிட்ட வைப்புத்தொகையைப் புதுப்பிக்க. ஆலையிலிருந்து ஓய்வு பெற்றபோது கிடைத்த பணம். ஆலை தருகிற பென்ஷன் எவ்வளவு சின்னது என்று உங்களுக்குத் தெரியும். இந்தப் பணம்தான் நானும் கமலாவும் கடைசிவரை சாப்பிட வேண்டியது. படிவத்தை வீட்டிலேயே நிரப்பி, கையெழுத்து போட வேண்டிய இடங்களை எல்லாம் திரும்பத் திரும்பப் பார்த்து வைத்திருந்தேன். என் முறை வந்தது. எழுந்தேன். ஆனால் கவுண்டருக்குப் போகவில்லை. படிவத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்து, வெயிலில் கொஞ்ச நேரம் நின்று, வீட்டுக்குத் திரும்பிவிட்டேன்.

கமலா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். "இன்னாங்க, போன வேல முடிஞ்சிதா?" என்றாள்.

"இல்ல."

"கூட்டமா?"

"கூட்டமெல்லாம் இல்ல. சேவல் கூவிச்சு."

விவரம் சொன்னேன். முறத்தைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தாள். "செத்தும் உங்கள விடல பாருங்க அந்த மனுசன்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. உங்கள் மேல் அவளுக்கு எப்போதும் கோபம் வந்ததில்லை. "சரி, வாங்கப் போறீங்களா?"

"தெரியல."

"எனக்குத் தெரியும், தெரியலன்னுதான் சொல்லுவீங்கன்னு" என்று சொல்லிவிட்டு முறத்தை எடுத்துக்கொண்டாள்.

அவள் சொன்னது சரிதான். சர்க்கரை ஆலையின் சோதனைக்கூடத்தில் முப்பது வருடத்துக்கு மேல் கரும்புச் சாற்றை அளந்தவன் நான். ஒரு சாற்றில் சர்க்கரை எவ்வளவு என்று ஒருமுறை பார்த்தால் நம்பமாட்டேன். கண்ணாடியைத் துடைத்து இன்னொரு முறை பார்ப்பேன். இரண்டும் ஒன்றாக வந்தால், இரண்டு முறையும் ஒரே தவறைச் செய்திருப்பேனோ என்று சந்தேகம் வரும். வெளியே வண்டிகள் வரிசையாக நிற்கும், விவசாயிகள் கூச்சல் போடுவார்கள், நான் மூன்றாவது முறை பார்த்துக்கொண்டிருப்பேன். அந்த ஆள் எப்படிப் பங்குச் சந்தைக்கு வந்தான் என்று ஆலையில் பழகியவர்கள் இன்றைக்கும் கேட்கிறார்கள். நான் சந்தைக்கு வரவில்லை. உங்களிடம் வந்தேன்.

கச்சிராயபாளையம் சாலையில் உரக்கடைக்கு மாடியில் இருந்த தரகர் அலுவலகத்தில்தான் முதலில் பார்த்தோம். மின்விசிறிக்கு நேர் கீழே ஒரு நாற்காலி காலியாக இருந்ததால் உள்ளே வந்து உட்கார்ந்தவன் நான். நீங்கள் திரையில் ஓடும் எண்களைப் பார்த்து, மாட்டை விரட்டுவதுபோல நாக்கைச் சொடுக்கிக்கொண்டிருந்தீர்கள். வெள்ளிமலையில் கால்நடை ஆய்வாளராகப் பல வருடம் இருந்து அப்போதுதான் ஓய்வு பெற்றிருந்தீர்கள். மலைக்காரர்கள் உங்களை மாட்டு டாக்டர் என்பார்கள்; டாக்டர் இல்லை, ஆய்வாளர் என்று நீங்கள் திருத்துவீர்கள்; அவர்கள் தலையை ஆட்டிவிட்டு, "சரிங்க டாக்டரே" என்பார்கள். அன்றிலிருந்து கடைசிவரை நாம் இருவரும் ஒருவரை ஒருவர் சார் என்றே கூப்பிட்டுக்கொண்டோம். வாடா போடா என்று பேசிக்கொள்ளும் நண்பர்களைப் பார்க்கும்போது எனக்குக் கொஞ்சம் பொறாமையாக இருக்கும். ஆனால் நமக்கு அது வாயில் வந்திருக்காது.

நீங்கள் எல்லாவற்றிலும் சரியாக இருந்தவர் என்று சொல்லமாட்டேன். சொன்னால் நீங்களே சிரிப்பீர்கள். டிவியில் ஒருவன் சொன்னான் என்று காலையில் வாங்கிய பங்கு, சாயங்காலத்துக்குள் உங்களை அழவைத்தது. அந்தக் கம்பெனியே இப்போது எங்கே இருக்கிறது என்று தெரியாது. அதற்குப் பிறகுதான் நீங்கள் அந்தச் சட்டத்தைப் போட்டீர்கள். எதை வாங்குவதாக இருந்தாலும் வாங்குவதற்கு முன்னால் வெள்ளிமலைக்கு ஒருமுறை போய்வர வேண்டும். அப்போதெல்லாம் கோமுகி அணையைத் தாண்டிப் பேருந்து வளைவுகளில் ஏறத் தொடங்கினாலே கைப்பேசி ஊமையாகிவிடும். மேலே போனால் விலை தெரியாது. யாரும் நம்மைக் கூப்பிட முடியாது. டீ குடித்து, நீங்கள் தெரிந்தவர்கள் வீட்டுக் கன்றுக்குட்டியை எல்லாம் விசாரித்து முடித்து, மதியப் பேருந்தில் இறங்குவோம். "ஏறும்போது வாங்கணும்னு இருந்தது எறங்கும்போதும் இருந்தா வாங்கிடலாம் சார். பாதி வளைவுலயே மறந்துட்டா அது நமக்கானது இல்ல" என்பீர்கள்.

எத்தனையோ பங்குகளை நாம் அந்த வளைவுகளில் விட்டுவிட்டு வந்திருக்கிறோம். என்னைப் பொறுத்தவரை அந்தச் சட்டத்துக்கு ஒரு தேவையும் இல்லை. நான் கீழேயே மறந்துவிடுகிறவன். இருந்தாலும் ஒவ்வொரு முறையும் வந்தேன். ஜன்னல் சீட்டை நீங்கள் எடுத்துக்கொள்வீர்கள். மற்றவர்கள் பள்ளத்தாக்கைப் பார்க்கும்போது நீங்கள் சரிவில் மேயும் மாடுகளைப் பார்த்துக்கொண்டு, "அந்தச் செவலைக்குக் காலு சரியில்ல" என்று எனக்குச் சொல்லிக்கொண்டு வருவீர்கள். பேருந்து போய்விடும், உங்கள் தலை மட்டும் அந்தச் செவலை பக்கமே திரும்பியிருக்கும்.

நோய்க்காலத்தில் எல்லாம் அடைபட்டுக் கிடந்தபோது சந்தை ஒரேயடியாக விழுந்ததே, அந்த நாள் இந்த வாரம் முழுக்க என் தலைக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த மோட்டார் கம்பெனி அன்று கொள்ளை மலிவு. உங்கள் கை பரபரத்தது. ஆனால் பேருந்து இல்லை. பேருந்து இல்லாமல் மலை எப்படி, மலை இல்லாமல் பங்கு எப்படி? வேறு யாராக இருந்தாலும் வீட்டிலேயே பொத்தானை அழுத்தியிருப்பார்கள். நீங்கள் உங்கள் மொபெட்டை எடுத்துக்கொண்டு வந்து, என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு கிளம்பினீர்கள். அணைக்கட்டுப் பக்கத்தில் தடுப்பு போட்டு ஒரு காவலர் நின்றிருந்தார். நம் பிள்ளைகளைவிடச் சின்ன வயது.

"பெருசு, எங்க போறீங்க?"

"மேல" என்றீர்கள்.

"மேல இன்னா வேல? ஆஸ்பத்திரி கீழ இருக்குது."

"ஒரு ஷேர் வாங்கலாமா வேணாமான்னு முடிவு பண்ணணும் தம்பி."

அவர் முகக்கவசத்தைக் கீழே இழுத்துவிட்டு நம்மைப் பார்த்தார். "ஷேரு கட மலைலயா இருக்குது?"

"கட போன்லயே இருக்குது. போனு வேல செய்யாத எடம் வேணும். அதுக்குத்தான் மேல போறோம்."

"அப்ப ஸ்விட்ச் ஆஃப் பண்ணிட்டு வூட்ல உக்காருங்களேன் சாமி! எங்க உசுர ஏன் வாங்கறீங்க?"

அவர் சொன்னது எனக்கு மிகவும் நியாயமாகப் பட்டது. நீங்கள் வண்டியைத் திருப்பினீர்கள். ஊருக்குள் நுழையும்போதுதான், "அணைச்சா திரும்பவும் போட்டுடலாம் சார். மலை அப்பிடி இல்ல" என்றீர்கள். நாம் வாங்கவில்லை. பேருந்து திரும்ப ஓடத் தொடங்கியபோது அதன் விலை எங்கேயோ போய்விட்டிருந்தது. யாரிடமாவது சொன்னால் இப்படியும் இரண்டு பைத்தியங்களா என்பார்கள். நீங்களே அப்படித்தான் சொல்லிச் சிரித்தீர்கள். அப்போது வைத்ததுதான் சேவல். கம்பெனி வளர வளர, பாதி விலை என்றால் எவ்வளவு என்று வருடத்துக்கு ஒருமுறை நீங்களே மாற்றியும் வைத்தீர்கள்.

ஆக, இந்தமுறை எனக்குச் சாக்கு இல்லை. பேருந்து ஓடுகிறது. பணம் முதிர்ந்து கையில் இருக்கிறது. விலை நீங்கள் சொன்ன இடத்துக்கு வந்திருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்த்தேன். கம்பெனியின் கடன், லாபம், அது கொடுக்கும் ஈவுத்தொகை எல்லாவற்றையும் பழைய வழக்கப்படி மூன்று முறை பார்த்தேன். மூன்று முறையும் வாங்கலாம் என்றே வந்தது. அப்படி வந்ததுதான் என்னைக் களைப்படையச் செய்தது. வேண்டாம் என்று வந்திருந்தால் நிம்மதியாகப் படுத்திருப்பேன்.

இடையில் என் மகன் குமார் இருக்கிறான். அவன் வளைகுடாவுக்குக் கிளம்பியபோது நீங்கள்தான் உளுந்தூர்பேட்டை வரை கூட வந்து சென்னைப் பேருந்தில் ஏற்றிவிட்டீர்கள். துறைமுகத்துக் கிடங்கு ஒன்றில் மேற்பார்வையாளர் வேலை. இப்போது எந்தக் கப்பல்கள் நிற்கின்றனவோ, அந்தக் கப்பல்கள் வந்தால்தான் அவனுக்கு வேலை. மருமகளும் பேத்தியும் எங்களோடுதான் இருக்கிறார்கள். அவன் தினமும் கூப்பிடுகிறான். நன்றாக இருக்கிறேன் என்கிறான். நன்றாக இருப்பவன் அதைத் தினமும் சொல்லமாட்டான் என்று கமலா சொல்கிறாள்.

நீங்கள் ஒருமுறை சொன்னது இந்த இடத்தில்தான் வந்து நின்றது. நீங்கள் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு வருடம் மழையே இல்லாமல் மலையெல்லாம் காய்ந்து, மேலே இருந்தவர்கள் மாடுகளைக் கீழே ஓட்டிக்கொண்டு வந்து கேட்ட விலைக்குக் கொடுத்துவிட்டுப் போனார்களாம். கீழே ஒருவர் ஆசைப்பட்டு, நல்ல நல்ல காளைகளாகப் பார்த்து வாங்கிக் கட்டினார். மாட்டைப் பார்ப்பதில் அவர் தவறே செய்யவில்லை. பல், கால், சுழி எல்லாம் சரி. ஆனால் வைக்கோல் வாங்க முடியவில்லை. அவர் நிலமும் காய்ந்துதான் கிடந்தது. ஒவ்வொன்றாகப் படுத்தன. உங்களைக் கூப்பிட்டார். "பசிக்கு ஏது சார் ஊசி?" என்று என்னிடம் கேட்டீர்கள். "பஞ்சத்துல மாடு மலிவுதான். வாங்கறவன் மாட்டப் பாக்கக் கூடாது, தன்னோட வைக்கோலப் பாக்கணும்."

அதைச் சொன்னபோது நாம் பேருந்தில் மலையிறங்கிக்கொண்டிருந்தோம். எனக்கு அது பங்குக்கு நல்ல உவமை என்று மட்டுமே பட்டது. மாட்டை மலிவாக்கிய அதே வெயில் வாங்குகிறவர் நிலத்திலும் அடிக்கும் என்பதை இந்த வாரம்தான் உட்கார்ந்து யோசித்தேன். பங்கை மலிவாக்கிய போர் என் மகன் தலைக்கு மேல் நடக்கிறது. ஆனாலும் சந்தேகம் விடவில்லை. இதுவும் என் பயம்தானோ? எப்போதும்போல வாங்காமல் இருப்பதற்குப் புதிதாக ஒரு நல்ல காரணத்தைத் தேடிக்கொள்கிறேனோ? ஒன்றும் செய்யாமலே ஆயுளைக் கழித்தவனுக்கு எது நிதானம், எது கோழைத்தனம் என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. அதைச் சொல்லத்தான் நீங்கள் இருந்தீர்கள்.

வியாழக்கிழமை வெள்ளிமலைப் பேருந்தில் ஏறினேன். கமலா தயிர்சாதம் கட்டிக் கொடுத்தாள். "தனியாப் போய் யாருகிட்ட பேசுவீங்க?" என்று கேட்டாள். ஜன்னல் சீட்டு கிடைத்தது. நான் அதில் உட்காரவில்லை, பக்கத்தில் உட்கார்ந்தேன். கச்சிராயபாளையத்தில் ஏறிய ஒருவர் என் முழங்காலைத் தாண்டிப் போய் அதில் உட்கார்ந்து தூங்கிவிட்டார்.

உங்களுக்கு ஒரு செய்தி சொல்ல வேண்டும். நம் சட்டம் இனிமேல் செல்லாது. மேலே கைப்பேசிக் கோபுரம் வைத்துவிட்டார்கள். வளைவுகளில் சிக்னல் கொஞ்சம் விட்டுவிட்டு வருகிறது, வெள்ளிமலையில் இறங்கினால் நம் கள்ளக்குறிச்சியைவிட நன்றாகவே எடுக்கிறது. டீக்கடை வாசலில் நின்று பார்த்தால் நம் கம்பெனியின் விலை கண்ணெதிரே ஆடுகிறது. இன்னும் கொஞ்சம் இறங்கியிருந்தது. எதற்காக இவ்வளவு தூரம் ஏறி வந்தோமோ அது இல்லை என்று ஆனபின், எனக்குக் கால்தான் வலித்தது.

டீக்கடை அம்மாவுக்கு என்னை அடையாளம் தெரிந்துவிட்டது. "தே, பேசாத சாரு வந்துகீறாரு" என்றார். எனக்கு அங்கே அப்படி ஒரு பெயர் இருந்தது என்று அன்றுதான் தெரியும். "டாக்டரு வரலியா?"

சொன்னேன். அவர் ஆற்றிக்கொண்டிருந்த டீயைக் கீழே வைத்தார். "அதான் பாத்தேன், ரெண்டு பேரா இல்லாம நீங்க வரமாட்டீங்களேன்னு" என்றார். பிறகு, "அந்த மோட்டாரு கம்பெனி இன்னா ஆச்சி, வாங்கனீங்களா?" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "உங்களுக்கு எப்பிடிம்மா தெரியும்?"

"டாக்டரு மெதுவா பேசி யாரு கேட்டது? இந்தத் தெருவுக்கே தெரியும். நீங்க சாப்புட்டு அந்தப் பக்கம் ஒரு நட போவீங்க இல்ல, அப்ப உக்காந்துக்கினு உங்களப் பத்திதான் பேசுவாரு."

"இன்னா பேசுவாரு?"

"இன்னா, கிண்டல்தான். சாருக்கு டீ சூடா இருந்தா பயம், ஆறிட்டா அதுக்கும் பயம்னு." அந்த அம்மா சிரித்தார். சிரித்துவிட்டுச் சொன்னார்: "ஒருநாளு நான் கேட்டேன், இவ்ளோ பயப்படறவர ஏன் இஸ்துக்கினு வர்றீங்கன்னு. அதுக்கு டாக்டரு, அவரு பயப்படறாரும்மா, அதனாலதான் நான் தைரியமா நிக்கறேன், அவரு இல்லன்னா எப்பவோ வூட்டக் கூட வித்துட்டிருப்பேன்னாரு."

நீங்கள் என்னிடம் இதைச் சொன்னதே இல்லை. நான் டீயைக் குடித்தேன். சூடாக இருந்ததா, ஆறியிருந்ததா என்று நினைவில்லை. உங்கள் வண்டியில் பின்னால் உட்கார்ந்து வந்த பாரம் என்றுதான் இத்தனை நாள் என்னை நினைத்திருந்தேன். உங்களுக்கு வர வேண்டிய லாபத்தை எல்லாம் என் தயக்கம் தின்றுவிட்டது என்று நீங்கள் போனபிறகு பல நாள் கணக்குப் போட்டிருக்கிறேன். உங்கள் பிள்ளைகள் கேட்க ஆளில்லாமல் எல்லாப் பங்கையும் ஒரே வாரத்தில் விற்றபோதுகூட, நான் வாய் திறந்து ஏதாவது சொல்லியிருக்கலாமோ என்று கிடந்து புழுங்கினேன்.

அப்போதுதான் கைப்பேசி அடித்தது. குமார். நம் மலையில், சார், நம் டீக்கடையில்.

"எங்கப்பா இருக்க? அம்மா இன்னாவோ மலைக்குப் போயிருக்கன்னு சொல்லுது."

"ஆமாம்டா, சும்மா வந்தேன். நீ எப்பிடி இருக்க?"

நன்றாக இருக்கிறேன் என்று அவன் சொல்லவில்லை. "கிடங்குல பாதிப் பேர அனுப்பிட்டாங்கப்பா" என்றான். "என்ன அனுப்பல. பாதி சம்பளம், இருந்தா இரு, இல்லன்னா போன்றாங்க. ஆறு மாசம் பல்லக் கடிச்சிக்கினு இருந்தா எல்லாம் சரியாயிடும், அப்ப இருக்கறவனுக்குத்தான் மேல வேலன்னு கூட இருக்கறவங்க சொல்றாங்க. எனக்கும் அது கரெக்ட்டுன்னுதான் தோணுது. ஆனா ராத்திரில சத்தம் கேக்குதுப்பா. தூங்க முடியல. வந்தா அங்க இன்னா பண்றதுன்னும் தெரியல. நீ இன்னாப்பா சொல்ற?"

அவனும் இறங்கிய சந்தையில் நிற்பவன்போல, தாங்கிப் பார்க்கலாமா வேண்டாமா என்றுதான் கேட்கிறான். என் மகன் அவன். அவனும் மூன்று முறை பார்த்திருப்பான். இப்படி ஒரு கேள்வியை யார் கேட்டாலும், யோசிக்கலாம், நாளைக்குச் சொல்கிறேன் என்பதுதான் என் வாய்க்குப் பழக்கம். அவன் கல்லூரியில் சேர்ந்ததற்கும் அதைத்தான் சொன்னேன், கல்யாணத்துக்கும் அதைத்தான் சொன்னேன்.

"வந்துடுடா" என்றேன்.

"அப்பா, நல்லா யோசிச்சி சொல்லு."

"யோசிக்கறதுக்கு ஒண்ணும் இல்ல. டிக்கெட் போட்டுட்டுச் சொல்லு. பணம் இருக்குது. ஒரு வருசம் ஆனாலும் பாத்துக்கலாம். வந்துடு."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. டீக்கடை அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுப்பைப் பார்த்தார். வைத்துவிட்டேன். தைரியத்தில் சொன்னேன் என்று நினைத்துவிடாதீர்கள். அவன் அங்கே இருந்து, ஏதாவது ஆகிவிட்டால் என்ற பயம், மற்ற எல்லாப் பயத்தையும்விடப் பெரிதாக இருந்தது, அதுதான் பேசியது.

மதியப் பேருந்தில் இறங்கினேன். மறுநாள் வங்கிக்குப் போய், பணத்தை எப்போது வேண்டுமானாலும் எடுக்கும்படி சேமிப்புக் கணக்கிலேயே போட்டேன். அதற்கு வட்டி கம்மி என்று கவுண்டரில் இருந்த பெண் எனக்கு எடுத்துச் சொன்னார். தெரியும் என்றேன். "அந்தக் கோழி சார்தானே நீங்க?" என்று கேட்டார்.

உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது? நம் பங்கு நேற்று ஏறத் தொடங்கிவிட்டது. இன்று இன்னும் கொஞ்சம். போர் நிற்கும் என்று யாரோ பேசியிருக்கிறார்களாம். நோய்க்காலத்தில் போனதைப் போலவே இதுவும் போய்விடும் என்று நினைக்கிறேன். செய்தது சரிதானா என்று கமலாவிடம் கேட்டேன். "இத இன்னொரு தடவ கேட்டீங்கன்னா நானே மலைக்குப் போயிடுவேன்" என்றாள். எனக்குக் களைப்பாக இருக்கிறது. இந்த வயதில் ஒரு முடிவை எடுத்தால் அதைச் சுமக்கவே பாதி உடம்பு போய்விடுகிறது. நீங்கள் எப்படி வாரம் ஒன்று எடுத்தீர்கள் என்று தெரியவில்லை.

நாளை காலை குமார் வருகிறான். சென்னையில் இறங்கி, பேருந்தில் உளுந்தூர்பேட்டை வருவான். நான் போய் நிற்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். லாரிகளும் பேருந்துகளும் ஓயாத அந்த இடத்தில் பெட்டியோடு இறங்கியதும், அவன் கேட்கப் போவது எனக்குத் தெரியும்: இனிமேல் என்னப்பா செய்வது? அதற்கு என்னிடம் இருப்பது உங்களுக்குத் தெரிந்த அந்தப் பயம் ஒன்றுதான். இத்தனை வருடமும் அதை யார் கண்ணிலும் படாமல் ஒளித்து வைத்துக்கொண்டே திரிந்தேன். ஒருவர் அதில் சாய்ந்து நின்றிருக்கிறார் என்று தெரிந்தபிறகு, அதைக் கொண்டுபோய் என் மகன் பக்கத்தில் நிற்க முன்போல வெட்கமாக இல்லை, சார்.